கப்பல் ஏறிய தாத்தாவின் சர்நேம் என்ன?

தென்னாப்பிரிக்கா டெஸ்ட் டீமைப் பார்த்திருப்பீங்க. செனுரன் முத்துசாமி, பிரனேலன் சுப்ராயன். நம்ம தெருவுல கூப்பிட்டா ரெண்டு பேராவது திரும்பிப் பார்க்கிற பெயர்கள். ஆனா அங்க அது ஆள் பெயர் இல்ல, சர்நேம்.

டர்பன் பக்கம் கோவெண்டர், மூட்லி, நாயுடு, பிள்ளை, படையாச்சின்னு இன்னும் நிறைய சர்நேம் உண்டு. அந்தக் குடும்பங்கள்ல பலர் இன்னிக்குப் பழைய ஆவணங்களைப் புரட்டிட்டு இருக்காங்க. அவங்க கேள்வி இதுதான்: கப்பல் ஏறி வந்த எங்க முன்னோரோட உண்மையான சர்நேம் என்ன?

கொஞ்சம் பின்னணி. 1860-ல் மெட்ராஸிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல், நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் 342 பேர். அதில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் மொத்தம் 1,52,184 பேர். பெரும்பாலானவர்கள் ஏறியது மெட்ராஸில். முக்கியமான வேலை, கரும்புத் தோட்டம்.

இவங்க விவரமெல்லாம் கப்பல் பட்டியல்ல இருக்கு. ஒரு இன்ஜினியரா எனக்கு அது ஒரு டேட்டாபேஸ் டேபிள் மாதிரித்தான் தெரியுது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு கலோனியல் நம்பர். அதுதான் பிரைமரி கீ. அப்புறம் பெயர், அப்பா பெயர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல உள்ள அடையாளம். இந்த டேபிள்ல சர்நேம்னு ஒரு காலமே இல்ல!

அப்ப இன்னிக்கு இருக்கிற சர்நேம் எங்கிருந்து வந்தது? பிள்ளைகளோட பிறப்புப் பதிவு, பள்ளிக்கூடம், நிலப் பத்திரம்னு வரும்போது கடைசிப் பெயர் ஒண்ணு தேவைப்பட்டது. சில வீட்டுல வந்தவரோட பெயரே சர்நேமா உறைஞ்சு போச்சு. முத்துசாமி அந்த வகை. சில வீட்டுல சாதிப் பட்டம் ஒட்டிக்கிச்சு. முதலி மூட்லி ஆனார். கவுண்டர்தான் கோவெண்டர் ஆச்சுன்னு பொதுவா சொல்றாங்க. அண்ணனுக்கு அப்பா பெயரும் தம்பிக்குப் பட்டப்பெயரும் பதிவானா, அடுத்த தலைமுறையில அது ரெண்டு குடும்பம்.

இங்கதான் கொஞ்சம் நிதானமா யோசிக்கணும். ஊர்ல யார் எந்தத் தெருன்னு எல்லாருக்கும் தெரியும். கடல் தாண்டின பிறகு அதைச் சரிபார்க்க யாரு இருக்கா? அங்க போய்ப் புதுசா ஒரு பட்டத்தைச் சேர்த்துக்கிட்டவங்களும் உண்டுன்னு வரலாற்று ஆய்வாளர்கள் சொல்றாங்க. அதைப் பொய்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஊர்ல சுமந்த இழிவை இறக்கி வைக்க ஒரு மனுஷனுக்குக் கிடைச்ச வழி அது. அதனால, ஒரு சர்நேமைப் பார்த்ததும் "ஓ, நீங்க இன்ன ஆளா?"ன்னு முடிவு கட்டாதீங்க. அந்தப் பெயர் அவ்வளவு சொல்லாது.

சரி, தேடுறது எப்படி? சர்நேமை மட்டும் வெச்சுத் தேடினா மாட்டிக்குவீங்க. சவுண்டெக்ஸ்னு ஒரு பழைய அல்காரிதம், 1918-ல் அமெரிக்காவில் பேட்டன்ட் ஆனது. முதல் எழுத்தை வெச்சுக்கிட்டு, உயிரெழுத்துகளை விட்டுட்டு, மத்த எழுத்துகளை ஒலி வாரியா நம்பர் ஆக்கும். ஆங்கில ஸ்பெல்லிங்ல மூட்லியும் முதலியும் எம்-340, ரெண்டும் சேர்ந்திடும். ஆனா கவுண்டர் ஜி-536, கோவெண்டர் ஜி-153. ரெண்டும் சந்திக்கவே சந்திக்காது.

அதனால பின்னாலிருந்து போங்க. கல்யாணப் பதிவு, இறப்புப் பதிவு, டிரங்குப் பெட்டியில கிடக்கிற பழைய காகிதம், எதுலயாவது கலோனியல் நம்பர் இருக்கான்னு பாருங்க. அது கிடைச்சா, டர்பன்ல குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தோட காந்தி-லுத்துலி ஆவண மையம் வெச்சிருக்கிற கப்பல் பட்டியல்ல அந்த வரியைப் பிடிச்சிடலாம்.

கிராமம் தெரிஞ்ச பிறகும் ஒரு சிக்கல் இருக்கு. பட்டியல்ல 'வட ஆற்காடு'ன்னு இருக்கும். இன்னிக்கு அந்த ஜில்லா இல்ல. ஒரு பகுதி 1911-லயே சித்தூருக்குப் போயாச்சு, அதாவது இன்றைய ஆந்திரா. மிச்சம் வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு பிரிஞ்சு கிடக்கு. போதாததுக்கு, காதுல விழுந்ததை ஆங்கிலத்துல எழுதின குமாஸ்தாவோட ஸ்பெல்லிங். பழைய தாலுகா மேப்பைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, கிராமத்தோட பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. கண்ணை விட காது சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

ஆக, 'உண்மையான சர்நேம்' எதுன்னு கேட்டா, பெரும்பாலான தமிழர்களுக்கு அப்படி ஒண்ணு இருந்ததே இல்ல. இருந்தது அப்பா பெயர். இன்னிக்கும் பாஸ்போர்ட் ஃபார்ம்ல சர்நேம் கட்டத்துல அப்பா பெயரைப் போட்டுட்டு, வெளிநாட்டு ஆபீஸ்ல அப்பா பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறவங்க நம்மள்ல எத்தனை பேர்! அந்தக் கப்பல் பட்டியல்லயும் அப்பா பெயருக்கு ஒரு காலம் இருக்கு. நேட்டால் குடும்பங்கள் தேட வேண்டியது அந்தக் காலத்தைத்தான். அதுல ஒரு பெயர் கிடைச்சா, கப்பல் ஏறினவரைத் தாண்டி இன்னும் ஒரு தலைமுறை பின்னால போயிட்டீங்கன்னு அர்த்தம்.

உங்க வீட்டுலயும் கப்பல் ஏறினவங்க கதை இருந்தா, பாட்டிகிட்ட இந்த வாரமே கேட்டு ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.