கடலூர்ப் பெண்களும் ஊராட்சி நாற்காலியும்

முன்னுரை

கடலூர் நகராட்சி 1866-ஆம் ஆண்டு தோன்றியது. 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. அதன் முதல் மேயராக 2022 மார்ச் மாதம் பதவியேற்றவர் சுந்தரி ராஜா என்ற பெண்மணி. நகராட்சி தோன்றி 150 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு இது நடந்தது. ஆனால் கடலூர் மண்ணில் பெண் தலைமை புதிதல்ல.

அஞ்சலையம்மாள்

கடலூர் முதுநகரில் 1890-இல் பிறந்தவர் அஞ்சலையம்மாள். 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்தார். 1927-இல் சென்னையில் நீலன் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில் தன் சிறு வயது மகள் அம்மாக்கண்ணுவுடன் கலந்துகொண்டு சிறை சென்றார். அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயர் சூட்டியவர் காந்தியடிகள். அஞ்சலையம்மாளைத் 'தென்னாட்டு ஜான்சி ராணி' என்று அழைத்தவரும் அவரே.

1937-இல் அஞ்சலையம்மாள் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் எதிர்த்துப் போராடிய நீலன் சிலை அதே ஆண்டில்தான் இராஜாஜி அமைச்சரவையால் அகற்றப்பட்டது. தீர்த்தாம்பாளையம் கிராமத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க வீராணத்திலிருந்து கிளை வாய்க்கால் வரச் செய்ததையும் ஊரார் மறக்கவில்லை. ஊருக்குத் தண்ணீர் கொண்டு வருவதுதானே உள்ளாட்சியின் முதல் வேலை! 1961-இல் அவர் மறைந்தார்.

சட்டம் திறந்த கதவு

அஞ்சலையம்மாள் போல எல்லாப் பெண்களும் சிறை சென்று பெயர் வாங்க முடியாது. சாதாரணப் பெண்ணுக்குக் கதவைத் திறந்தது அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம். 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அது, ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 1996 தேர்தலில் அது செயலுக்கு வந்தது. 2016-இல் ஒதுக்கீடு 50 சதவீதம் ஆனது. அதன்படி கடலூர் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. சிப்காட் ஆலைகளை ஒட்டிய குடிகாடு முதல் சிதம்பரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் வரை எங்கும் பெண்கள் வேட்பாளர்களாக நின்றார்கள்.

தரையில் அமர்ந்த தலைவர்

2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் நாடு முழுவதும் பரவியது. புவனகிரி அருகே தெற்குத்திட்டை ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்க, தலைவர் தரையில் அமர்ந்திருந்தார். அவர் ஆதிதிராவிடர் சமூகத்துப் பெண். செய்தி வெளியான பிறகே ஊராட்சிச் செயலாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். துணைத் தலைவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது.

சட்டம் அவருக்குப் பதவி கொடுத்தது. ஊர் ஒரு நாற்காலி கொடுக்கவில்லை. பெண் என்பதோடு சாதியும் சேரும்போது சுமை இரட்டிப்பாகிறது. வேறு பல ஊர்களில் மனைவி கையெழுத்துப் போட, கணவரே தலைவராக வலம் வந்ததும் உண்டு.

முடிவுரை

மகளிர் தினத்தன்று பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுப்பது நல்லதுதான். ஆனால் மறுநாள் நடக்கும் கூட்டத்தில் அந்தப் பெண் எங்கே உட்காருகிறார், அவர் பேசும்போது யார் கேட்கிறார்கள், கோப்பில் யார் முடிவெடுக்கிறார்கள் என்பதில்தான் உண்மையான மரியாதை இருக்கிறது. 2019-இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிந்துவிட்டது. அடுத்து வரும் பெண்களுக்குப் பாதி இடங்களைச் சட்டம் தரும். நாற்காலியை ஊர்தான் தர வேண்டும்.