பென்ட்லியின் திருத்தங்கள்

கண்ணொளி இழந்த மில்டன் பிறரைக்கொண்டு எழுதுவித்து 1667-இல் வெளியிட்ட ‘இழந்த சொர்க்கம்’ என்னும் மகாகாவியத்தில், இலக்கண வழுவென்றும் பொருந்தா உருவகமென்றும் தமக்குத் தோன்றியவற்றையெல்லாம் ஏடெழுதியவர் மீதும் பதிப்பித்தவர் மீதும் சுமத்தி, எண்ணூறு திருத்தங்களுக்கு மேல் குறித்து, 1732-இல் ஒரு பதிப்பைக் கொணர்ந்தார், கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரித் தலைவரும் கிரேக்க, லத்தீன் பாஷைகளில் மகாபண்டிதருமான ரிச்சர்ட் பென்ட்லி. நரகத்தின் இருள் கண்ணுக்குப் புலனாவதாகக் கவி பாடிய இடத்தில், இருள் எங்ஙனம் தெரியும் என்று தர்க்கித்து, ஊடுருவிப் பார்க்கத்தக்க மங்கல் என அவர் மாற்றியதை எண்ணுந்தோறும் நெஞ்சம் வருந்துகிறது. அந்த முரணிலன்றோ நரகத்தின் பயங்கரம் முழுவதும் அடங்கியிருக்கிறது! ஆயினும், மறுப்பெழுதிய ஸக்கரி பியர்ஸ் அவ்வரிகளை நிதானமாகப் பொருள் கூட்டி ஆராய நேர்ந்தது பென்ட்லி எழுப்பிய ஆட்சேபங்களாலேயே; இருநூறு ஆண்டுகள் கழித்து, 1935-இல், விமர்சகர் வில்லியம் எம்ப்சன் அவ்விருவர் விவாதத்தையே எடுத்துக்கொண்டு மில்டனின் சொல்லாட்சியை மீண்டும் பரிசீலித்தார்.