நீராவியால் மனைகளுக்கு வெம்மையூட்டிய வரலாறு

குளிர்நாட்டு மக்களின் வாழ்வில் அடுப்புப் பெற்ற இடம் பெரிது. ஆயினும், அறைதோறும் தீ மூட்டியவிடத்து வெம்மையின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாயிற்று. தீப்பற்றும் அச்சமும் நீங்கிற்றில்லை. ஓரிடத்தெரியும் தீயின் வெப்பத்தைப் பல அறைகளுக்கும் கொண்டுசெல்ல நீராவியைப் பயன்படுத்தும் முறை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெறலாயிற்று.

இம்முறைக்கு அடிப்படை மறைவெப்பமாகும். கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திலே யோசேப்பு பிளாக் என்னும் அறிஞர் 1760களின் தொடக்கத்தில் இதனை ஆராய்ந்து நிறுவினார். ஒரு கிராம் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகைவரை சூடாக்க 100 கலோரி போதும். அதனையே ஆவியாக்க மேலும் ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். ஆவியானது குளிர்ந்த இரும்பிற் பட்டு மீண்டும் நீராகுங்கால் அவ்வெப்பம் வெளிப்படுகின்றது. பிளாக்கின் நண்பரான ஜேம்ஸ் உவாற் 1784இல் தம் பணியறையை நீராவியால் வெம்மைப்படுத்தினார். பின்னர், சல்போர்ட்டில் 1799க்கும் 1801க்கும் இடையே எழுந்த நூலாலையில், கூரையைத் தாங்கிய உட்குழிவான இரும்புத் தூண்களே நீராவி செல்லும் வழிகளாயின. பஞ்சு நிறைந்த ஆலைகளுக்குத் தீயில்லா வெம்மை பெரும் பேறாயிற்று. 1824இல் தோமஸ் திரெட்கோல்ட் பொதுக் கட்டடங்களை வெம்மைப்படுத்தும் முறைபற்றித் தனிநூலொன்றே இயற்றினார்.

இக்கலை பெருவளர்ச்சி எய்தியது அமெரிக்காவிலாகும். ஸ்டீபன் கோல்ட் 1854இல் இல்லங்களுக்கேற்ற குறையமுக்க நீராவி முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். 1877இல் பேர்ட்சில் ஹொலி என்பார் லொக்போர்ட் நகரிலே ஒரு கொதிகலத்திலிருந்து நிலத்தடிக் குழாய்கள்மூலம் பல கட்டடங்களுக்கு நீராவி வழங்கிக் காட்டினார். நியூயோர்க்கில் 1882இல் தொடங்கிய அத்தகைய வழங்கல் இன்றும் நடைபெறுகின்றது.

எனினும், நீராவி நன்மையை மட்டும் தந்ததன்று. 1905 மார்ச் 20ஆம் நாள் மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் புரொக்ரன் நகரிற் காலணித் தொழிற்சாலையொன்றின் பழைய கொதிகலம் வெடித்தது. கட்டடம் இடிந்து தீப்பற்ற, 58 பேர் மாண்டனர். இதன் விளைவாக 1907இல் அம்மாநிலம் கொதிகலங்களுக்குச் சட்டவிதிகள் வகுத்தது. 1915இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கமும் தன் கொதிகல விதித்தொகுப்பை வெளியிட்டது. உயிரிழப்பே ஒழுங்கிற்கு ஆசானாயிற்று எனலாம்.

அக்காலத்திலேயே 'ஆவிமுறை' எனப்பட்ட மென்மையான அமைப்பும் பரவிற்று. பழைய ஒற்றைக்குழாய் முறையில் ஆவியும் திரும்பும் நீரும் ஒரே குழாயிற் சென்றமையால் ஒன்றோடொன்று முட்டிப் பேரொலி எழுப்பின. ஆவிமுறையிலோ ஆவிக்கு ஒரு குழாயும் நீருக்கும் வளிக்கும் மற்றொரு குழாயுமாக இரண்டு அமைந்தன. சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தலிலுங் குறைந்த அமுக்கமே அதற்குப் போதியதாயிற்று. உள்வாயிலைச் சிறிதே திறந்து வேண்டுமளவு ஆவியை ஏற்கவும் இயன்றது. வெற்றிட முறையோ இதனினும் ஒருபடி மேற்சென்றது. அமுக்கம் குறையுமிடத்து நீர் 100 பாகைக்குக் கீழேயே கொதிக்குமாதலின், மென்சூடான ஆவியையும் அனுப்ப முடிந்தது.

பின்னர் வெந்நீரைப் பொறியாற் சுழற்றும் முறையும் சூடான வளியை ஊதும் முறையும் பெருகவே, புதுமனைகளில் நீராவி அருகிற்று. எனினும் பழைய கட்டடங்கள் பலவற்றில் அவ்விரும்புக் கதிர்வீசிகள் இன்றும் இயங்குகின்றன. அவற்றை முறைப்படி பேணுவதற்கு, அமைத்தோரின் கருத்தை அறிதல் இன்றியமையாதது. கருத்தறியாது அமுக்கத்தைக் கூட்டுவோர் எரிபொருளை வீணாக்குவரேயன்றி வெம்மையைப் பெறார். ஆற்றலை மிகுத்தலினும் அதனை அளவறிந்து ஆளுதலே அறிவென்பதை இவ்வரலாறு புலப்படுத்துகின்றது.