புழுங்கலரிசி காத்த உயிர்கள்

ஓய்வு பெற்ற பிறகு பழைய மருத்துவ வரலாறுகளைத் தேடிப் படிக்கிறேன். அதில் என்னை வெகுவாகப் பாதித்தது மலாயாவின் சோற்றுக் கதை.

1900-களின் தொடக்கத்தில் அங்கே ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் ஏராளமாக இறந்தார்கள். கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். அதே நாட்டில் தோட்டங்களில் உழைத்த தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. சீனர்கள் சாப்பிட்டது நன்றாகத் தீட்டிய பச்சரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி.

1905-இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் இதைச் சோதித்துப் பார்த்தார். பாதிப் பேருக்குப் பச்சரிசி, பாதிப் பேருக்குப் புழுங்கலரிசி. பச்சரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் இறந்தார்கள். மற்ற பக்கத்தில் புதிதாக ஒருவருக்கும் நோய் வரவில்லை.

காரணம் பின்னால்தான் தெரிந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டோடு போகவேண்டிய வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சத்து நீரில் கரையக்கூடியது. அரிசியைப் பலமுறை கழுவினாலும், கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் கொஞ்சம் போய்விடும்.

முற்றத்தில் நெல் அவித்த என் அம்மாவுக்கு வைட்டமின் என்ற சொல்லே தெரியாது. இன்று பேரப்பிள்ளைகள் வெள்ளை வெளேரென்ற சோறு கேட்கிறார்கள். நான் புழுங்கலரிசிதான் வாங்குகிறேன். வெயில் நாளில் வடிகஞ்சியில் துளி உப்புப் போட்டு ஒரு டம்ளர் குடிக்கிறேன். தாகமும் அடங்குகிறது, சத்தும் வீணாவதில்லை.

உங்கள் வீட்டில் என்ன அரிசி?