போடியார் முறையும் தொழிற் சட்டமும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. வயல்கள் பெரும்பாலும் படுவான்கரையில். அவற்றின் சொந்தக்காரரான போடிமார் பலரின் வீடுகளோ எழுவான்கரையில். போடியாருக்காக வயலைப் பொறுப்பேற்பவர் முல்லைக்காரர். அவருக்குக் கீழே வயற்காரர். கூலி நெல்லாகவே கிடைத்தது. விதைக்கும் சாப்பாட்டுக்கும் முன்கூட்டி வாங்கிய கடன் சூடடித்த களத்திலேயே கழிக்கப்பட்டது.

இப்படி வேலை ஏவுபவரின் அதிகாரம் சட்டமாக எழுதப்பட்டது இந்த வயல்களை நினைத்தல்ல, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை நினைத்து. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, மாதச் சம்பளக்காரர் சொல்லாமல் வேலையை விட்டாலோ கட்டளையை மீறினாலோ மூன்று மாதம்வரை சிறை. வேலையாளை வீட்டுத் தலைவனுக்கு அடங்கியவராகக் கண்ட ஆங்கிலேய எசமான்–வேலையாள் சட்ட மரபு இது. இங்கிலாந்து 1875இல் அந்தச் சிறைத் தண்டனையைக் கைவிட்டது. இலங்கையிலோ, தோட்டத் தொழிலாளியின் கடனை எழுதி அவரை அடுத்த தோட்டத்துக்கு அனுப்பும் துண்டு முறைகூட 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. வாவிக்கரையில் துண்டு தேவைப்படவில்லை. களத்துக் கணக்கே ஆளைப் பிடித்து வைத்தது.

1953இன் நெற்காணிச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த மாவட்டங்கள் மட்டக்களப்பும் அம்பாந்தோட்டையும். (இன்றைய அம்பாறை 1961வரை மட்டக்களப்பின் பகுதி.) விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டுச் சட்டம் காணிச் சொந்தக்காரருக்குக் கொடுக்கும் வாரத்துக்கு உச்சவரம்பு விதித்து, குத்தகைக் கமக்காரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாதவாறு தடுத்தது. சிக்கல் இங்கேதான். காணியைத் தன் பொறுப்பில் செய்தவருக்கே அந்தக் காப்பு. 'இவர் என் ஏவலில் வேலை செய்யும் கூலிக்காரர்' என்று போடியார் நிறுவிவிட்டால், முல்லைக்காரருக்குக் காணியுரிமை இல்லாமற் போனது.

கூலிக்காரரென்றால் தொழிற் சட்டம் காக்க வேண்டுமே? 1950இன் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. 1957ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பிறந்த தொழில் நியாய சபைகள், ஒப்பந்தத்தில் என்ன இருந்தாலும் நீதியும் ஒப்புரவுமான தீர்ப்பு வழங்கலாம். எசமானின் பழைய உரிமையில் விழுந்த பெரிய வெட்டு இதுவே. ஆனால் எழுத்தில்லாத, பருவத்துக்கு மட்டுமான நெற்கூலி உறவை அங்கே நிரூபிப்பது எளிதல்ல. தொழிலாளியின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி வேலைநீக்கத்தைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், 15 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடங்களைத் தொடுவதில்லை. ஒழுக்காற்று நடவடிக்கையாக நீக்கினாலும் அந்த அனுமதி வேண்டியதில்லை. 1865இல் கீழ்ப்படியாமைக்குச் சிறை. இப்போது வேலை போகும், அதையும் முதலில் முடிவுசெய்பவர் தொழில்தருநரே.