தொண்டும் தூதும்



ஒரு நாட்டின் வெளிநாட்டுக் கொள்கை தலைநகரத்து அமைச்சுக்களில் மட்டும் உருவாவதென்றே நாம் பெரும்பாலும் எண்ணுகின்றோம். ஆயினும், கிராமப் பாடசாலையொன்றிற் கற்பிக்க வந்த அந்நிய இளைஞனும் அக்கொள்கையின் ஒரு கூறே. அதனை அவன் உணர்ந்திருக்க வேண்டுமென்பதில்லை.

1961 மார்ச் 1ஆந் திகதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடி ஓர் ஆணையிற் கையொப்பமிட்டுச் சமாதானப் படையை நிறுவினார். (அமைதிப் படை என்றால் வன்னியிலுள்ள எமக்கு 1987இல் வந்த இந்தியப் படையே நினைவுக்கு வரும், யான் கூறுவது துப்பாக்கி ஏந்தாத படையை.) கெடுபிடிப் போர்க் காலம் அது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற ஆசிய, ஆபிரிக்க நாடுகள் பல எப்பக்கமும் சாராது நிற்க விழைந்தன. அந்நாட்டு மக்களின் நல்லெண்ணத்தைப் பெற இளைஞரை அனுப்புவதென்பது கென்னடியின் திட்டம். ஆனால், தொண்டர்களை வெளிநாட்டுக் கொள்கையின் கருவியாக்கினால் அக்கொள்கைக்கு அவர்களால் விளையும் பயனே அற்றுப்போகும் என்பது இராஜாங்கச் செயலாளர் டீன் ரஸ்கின் கருத்து. நுட்பமான கருத்துத்தான். நடைமுறையில் அதனைக் காத்தல் எளிதன்று என்பதற்கு நமது நாடே சான்று.

1962இல் அத்தொண்டரின் முதற் குழு இலங்கைக்கு வந்தது. அதே ஆண்டில் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம், புதிதாக அமைத்த பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பொருட்டு, அந்நிய எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்களிற் சிலவற்றைப் பொறுப்பேற்றது. நட்டஈட்டுப் பிணக்குத் தீரவில்லை. 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. தன் நாட்டவரின் சொத்தைப் பறித்து நட்டஈடு கொடாத நாட்டுக்கு உதவி இல்லையெனும் ஹிக்கன்லூப்பர் திருத்தம் முதன்முதலாகப் பிரயோகிக்கப்பட்டது இலங்கையின் மீதே. 1964இல் தொண்டர்களின் பணியும் முடிந்தது. 1965இல் டட்லி சேனநாயக்கா பதவியேற்றார், நட்டஈடு பற்றி உடன்பாடு கண்டது, உதவி மீண்டது, 1967இல் தொண்டரும் மீண்டனர். 1970இல் ஆட்சி மாறிற்று. அவர்களின் பணி அவ்வாண்டே மறுபடியும் நின்றது. 1983இல் மூன்றாம் முறை வந்தோர் போர்க்காலமாகிய 1998 வரை இருந்தனர். ஆட்சி மாறிய ஆண்டுகளையும் தொண்டர் வந்துபோன ஆண்டுகளையும் அருகருகே எழுதிப் பார்க்குமாறு மாணவர்க்கு யான் கூறுவதுண்டு.

எனினும் சிறிய நாடு வெறும் பந்தன்று. 1952இல் அரிசி அரிதாகி, இறப்பர் விலை வீழ்ந்தபோது, அமெரிக்காவின் அதிருப்தியையும் பொருட்படுத்தாது இலங்கை சீனாவுடன் இறப்பர்–அரிசி உடன்படிக்கை செய்தது. சில ஆண்டுகள் அமெரிக்க உதவி கிட்டவில்லை; சோறு கிட்டிற்று. அன்று ஆட்சியிலிருந்தது இடதுசாரி அரசன்று, ஐக்கிய தேசியக் கட்சியே என்பதையும் மறத்தலாகாது.

இனி எம்மூர்ப் பக்கம் வருவோம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள உடையார்கட்டும் அதன் அயலும் 2009இல் எவ்வாறிருந்தன என்பதை நேயர்கள் அறிவர். 2010இல் இந்தியா 50,000 வீடுகளுக்கான திட்டத்தை அறிவித்தது. இதிற் பரிவு இருந்தது. தமிழ்நாட்டு மக்களின் மனநிலை பற்றிய கவனமும் இருந்தது. தெற்கே அம்பாந்தோட்டையிற் சீனக் கடனில் எழுந்த துறைமுகமும் டில்லியின் கண்ணிற் படாமலில்லை. இவற்றுள் ஒன்று மெய், ஏனையவை பொய் என யான் கருதவில்லை.

முதலில் 1,000 வீடுகள் ஒப்பந்தகாரர் மூலம் கட்டப்பட்டன. அடுத்த கட்டத்திற் பயனாளரே தம் வீட்டைக் கட்டும் முறை வந்தது. புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா, வேலை முன்னேற முன்னேறத் தவணை தவணையாகக் கிடைத்தது. மேசனுக்குக் கூலி கொடுத்தது போக, மண் சுமந்ததும் கல் அடுக்கியதும் குடும்பத்தாரே. கணவனை இழந்த தாய்மார் அத்திவாரத்துள் இறங்கி நின்றனர். பொருள்களின் விலை ஏறவே, அத்தொகை போதாது கடன்பட்டுக் கூரையேற்றியோரும் பலர். கொடுத்த நாட்டின் பெயர் அறிக்கைகளில் உள்ளது. இத்தாய்மாரின் உழைப்பையும் கடனையும் எம் பாடசாலை மாணவர் இப்பொழுது வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதி வருகின்றனர்.