பழைய பங்களாவில் ஒரு வீக்எண்ட்: புக் பண்ணும் முன் அந்தத் தூணைப் பற்றி ஒரு கேள்வி!

வெள்ளிக்கிழமை சாயங்காலம். நாவலூர் சிக்னலில் கேப் நகரவே இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் வண்டி பறக்கிறது. "மச்சி, இந்த வீட்டைப் பாரு, செமயா இருக்கு!" என்று ஒருவர் லிங்க் அனுப்புகிறார். தேக்குத் தூண், ஆத்தங்குடி டைல்ஸ், நடுவில் முற்றம், ஓரத்தில் ஊஞ்சல். '150 வருஷப் பாரம்பரிய வீடு' என்று கேப்ஷன். எட்டுப் பேர் ஷேர் பண்ணினால் கட்டுப்படியாகிற வாடகைதான். புக் பண்ணிடலாமா?

தாராளமாகப் பண்ணலாம். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. அந்தத் தூண் கட்டின நாளிலிருந்து அங்கேயேதான் நிற்கிறதா? இல்லை, எங்கோ இடித்த வீட்டிலிருந்து லாரியில் வந்ததா?

'பழைய வீடு' என்றால் ரெண்டு வகை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போன இடம். எனாமல் பாத்திரம், பழைய போட்டோ, பெல்ஜியம் கண்ணாடி என எல்லாம் கிடைக்கும். செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வரும் தூண், கதவு, நிலை, ஜன்னல்களுக்கும் பெரிய சந்தை உண்டு. அவை ஊர் ஊராகப் போய் புது ரிசார்ட்டிலும் ரெஸ்டாரன்ட்டிலும் வில்லாவிலும் நிற்கின்றன.

விறகாகப் போவதற்கு எங்கேயோ நிற்பது மேல்தான். ஆனால் நம்ம வாடகைப் பணம் செய்கிற வேலை ரெண்டு இடத்திலும் ஒன்றில்லை. நின்ற இடத்திலேயே புதுப்பித்த வீட்டில் தங்கினால், அந்தப் பணத்தில் ஒரு பங்கு அதே வீட்டின் ஓட்டுக்கும் சுவருக்கும் போகும். பழைய தூண் நட்ட புது வில்லாவில் தங்கினால், இன்னொரு வீட்டைப் பிரிப்பதற்கு மார்க்கெட் கூடும்.

ஏன் பிரிக்கிறார்கள்? பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து வியாபாரம் செய்த நகரத்தார், 19-ம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டிய வீடுகள் இவை. இரண்டாம் உலகப் போரோடு பர்மா சொத்துகள் கைவிட்டுப் போயின. தலைமுறை தலைமுறையாகப் பங்காளிகள் பெருகினார்கள். ஒரே வீட்டுக்கு இருபது, முப்பது பங்கு. படைப்பு, கல்யாணம் என்றால் வீடு திறக்கும். மற்ற நாளெல்லாம் பூட்டு. ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் செலவு. அதை யார் போடுவது? இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களில் ஒன்றுதான், வீட்டை விருந்தினருக்குத் திறந்துவிடுவது.

முதலில் முட்டுக்காட்டுக்கு ஒரு விசிட்

புக்கிங் ஆப்பைத் திறப்பதற்கு முன்னால் தக்ஷிணசித்ராவுக்குப் போய் வாருங்கள். நாவலூரிலிருந்து கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போனால் சுமார் அரை மணி நேரம்தான். செவ்வாய்க்கிழமை விடுமுறை. 1996-ல் திறந்த இந்த அருங்காட்சியகத்தில், தென் மாநிலங்களில் இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து, அதே முறையில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வியாபாரி வீடு, கேரளத்து மர வீடு எல்லாம் உண்டு.

'இதுவும் பிரித்துக் கொண்டுவந்ததுதானே' என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் இங்கே எந்த ஊர் வீடு, எப்படிக் கட்டினது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வில்லா விளம்பரத்தில் அது இருக்காது. சுண்ணாம்புப் பூச்சு, தாழ்வாரம், முற்றத்து வடிகால் எல்லாம் நிஜத்தில் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு எந்த போட்டோவும் உங்களை ஏமாற்ற முடியாது.

எங்கே தங்கலாம்?

புதுச்சேரி: ஈ.சி.ஆரில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். எல்லோரும் ஒயிட் டவுனுக்கு ஓடுகிறார்கள். கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருக்கும் தமிழர் பகுதியையும் பாருங்கள். திண்ணை, தாழ்வாரம், முற்றம் என்று கீழ்த்தளம் தமிழ் பாணி. மாடியில் பிரெஞ்சு பாணி ஜன்னல். வைசியாள் தெருவின் முகப்புகளைப் புதுப்பித்த பணிக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. பெருமாள் கோயில் தெருவில் உள்ள மேசோன் பெருமாள், இப்படித் தங்கும் விடுதியான தமிழ் வீடு.

தரங்கம்பாடி: 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் டான்ஸ்போர்க் கோட்டை கட்டிய ஊர். 1845-ல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கடலைப் பார்த்தபடி நிற்கும் பழைய கலெக்டர் பங்களாவை, நீம்ரானா குழுமம் புதுப்பித்து 'பங்களா ஆன் தி பீச்' என்ற விடுதியாக்கியது. சில அறைகள்தான். பெரிய கேங் என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

செட்டிநாடு: எழும்பூரிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் காரைக்குடி. கானாடுகாத்தானில் 'விசாலம்', ஒரு அப்பா தன் மகளுக்காகக் கட்டிய வீடு. கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்', கொத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்', காரைக்குடியில் 'பங்களா' ஆகியவையும் பெயர் பெற்றவை. சாரதா விலாஸைப் புதுப்பித்தவர்கள் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன.

தனித் தீவே வேண்டுமா? அதுவும் பக்கத்தில் உண்டு. இலங்கையின் தென்கரையில் வெலிகம விரிகுடாவில் 'டாப்ரபேன்' என்ற குட்டித் தீவு. 1920-களில் கவுன்ட் டி மோனி என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே எண்கோண வடிவில் மாளிகை கட்டினார். பின்னாளில் அமெரிக்க எழுத்தாளர் பால் போல்ஸ் அதை வாங்கினார். இப்போது தீவோடு சேர்த்து வாடகைக்கு விடப்படும் வில்லா அது. பாலம் கிடையாது, கடலில் இறங்கி நடந்துதான் போக வேண்டும். பட்ஜெட்டைப் பார்த்தால் பாஸ்போர்ட்டை விட மனதிடம் அதிகம் தேவைப்படும்!

புக் பண்ணும் முன் கேட்க வேண்டியவை

* எந்த வருஷம் கட்டியது? யார் கட்டியது? உண்மையான பழைய வீடு என்றால் உரிமையாளரிடம் கதை இருக்கும். 'ரொம்ப பழசு சார்' என்பதோடு பதில் முடிந்தால் யோசியுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'ஹெரிட்டேஜ் ஹோட்டல்' தகுதிக்கு, கட்டடம் 1950-க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும். 'ஹெரிட்டேஜ்' என்று போர்டு வைப்பதும் அந்தத் தகுதி பெறுவதும் ஒன்றல்ல.
* எது பழசு, எது புதுசு? பாத்ரூம், வயரிங், ஏ.சி. எல்லாம் புதிதாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். 'இந்தப் பகுதி நாங்கள் சேர்த்தது' என்று வெளிப்படையாகச் சொல்கிறவரை நம்பலாம்.
* சுவரில் என்ன பூச்சு? பழைய செங்கல் சுவருக்குச் சுண்ணாம்புதான் துணை. ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரமும் கடல் உப்பும் உள்ளேயே சிக்கி, சுவர் பொரிந்து உதிரும். முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் சேர்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், பளிங்கு மாதிரி சில்லென்று இருக்கும்.
* முழு வீடா, அறை மட்டுமா? முற்றத்தைச் சுற்றி அறைகள் இருந்தால், நீங்கள் பேசுவது எதிர் அறை வரை கேட்கும்.
* சமையல் யார்? அந்த ஊர்க்காரர்கள் வேலை செய்கிறார்களா என்று கேளுங்கள். வீட்டோடு ஊரும் பிழைக்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம்.

காசு விஷயம்

விளம்பரத்தில் போட்ட ரேட்டில் வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி 5 சதவிகிதம், அதைத் தாண்டினால் 18. டெபாசிட், கேன்சலேஷன் விதி, கூடுதல் ஆளுக்குக் கட்டணம், போட்டோஷூட்டுக்குத் தனிக் கட்டணம் எல்லாவற்றையும் மெசேஜில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது பேச்சோடு போச்சு.

இன்ஸ்டாவில் பார்த்த நம்பருக்கு உடனே யு.பி.ஐ அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். பிரபலமான வீட்டின் போட்டோவைத் திருடிப் போலி பேஜ் தொடங்குவது ரொம்ப ஈஸி. மேப்பில் இருக்கும் நம்பரையும் அந்த இடத்தின் சொந்த இணையதள நம்பரையும் ஒப்பிட்டு, ஒரு வீடியோ கால் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

போய் இறங்கிய பிறகு

பழைய வீடு ஸ்டார் ஹோட்டல் இல்லை. நிலைப்படி தாழ்வு, தலை பத்திரம். படிக்கட்டு செங்குத்து, அம்மா அப்பாவோடு போனால் கீழ் அறை கேளுங்கள். சுவர் தடிமன் என்பதால் சிக்னல் முற்றத்தில்தான் கிடைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடற்கரையில் மழைக்காலம். முற்றத்தில் மழை கொட்டுவதைப் பார்ப்பது சுகம்தான், ஆனால் புயல் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஜனவரி, பிப்ரவரி தோதான மாதங்கள்.

பர்த்டே அலங்காரம் என்று சுவரில் ஆணி, டேப் வேண்டாம். டேப்போடு பழைய பூச்சும் உரிந்து வரும். ஆத்தங்குடித் தரையில் நாற்காலியை இழுக்காதீர்கள். எலுமிச்சை ஜூஸ் கொட்டினால் உடனே துடையுங்கள், புளிப்பு பட்டால் சிமென்ட் டைல்ஸில் கறை நின்றுவிடும்.

கிளம்பும்போது ரிவ்யூ போடுவீர்கள் இல்லையா? 'செம வைப்' என்று மட்டும் எழுதாமல், இந்த வீட்டை யார் கட்டினார்கள், இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ரெண்டு வரி சேர்த்து எழுதுங்கள். அதைப் படித்து இன்னொரு கேங் அங்கே வரும். பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டின் பங்காளிகளும், 'தூணை விற்கிறதைவிட வீட்டைத் திறந்துவிடலாம் போலிருக்கே' என்று யோசிக்கக்கூடும். அந்தத் தூண் அங்கேயே நிற்கும்.